சூரியனே இல்லாத உதயசூரியன்

மெல்பர்னில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதை வாங்கினேன். துருப்பிடித்த பூட்டுகள், ஓடாத கைக்கடிகாரங்கள், கைப்பிடி இல்லாத கரண்டிகள், இவற்றுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. உள்ளங்கையை நிறைக்காத அளவு. நடுவில் ஒரு கிரீடம், அதைச் சுற்றி அரைவட்டமாக விரிந்த கதிர்கள், கீழே எழுத்து பொறித்த நாடா. கன்னங்கரேலென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நம் வீட்டில் பிறந்த யாரும் செய்வதைத்தான் செய்தேன். புளி கரைத்து ஊறவைத்தேன். அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோல் நாரும் சாம்பலுமாகத் தேய்த்தேன். அரைமணி நேரத்தில் கார்த்திகைக்கு ஏற்றிவிடலாம் போலப் பளபளத்தது.

அடுத்த வாரம் பட்டாளத்துச் சின்னங்கள் சேகரிப்பதில் பழுத்த ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அதை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பு, வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று போட்டது என்று மெதுவாகச் சொன்னார். நூறு வருடம் தாங்கிய கறுப்பை நான் நாலணாப் புளியில் கழுவி ஊற்றியிருந்தேன்.

வெட்கத்தில்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்தச் சின்னத்தில் கழுவித் துடைக்கப்பட்டது கறுப்பு மட்டுமல்ல என்பது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு 'உதயசூரியன்' என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாக்குச்சீட்டுதான் நினைவுக்கு வரும். அவர்களுக்குப் பட்டாளத்துத் தொப்பி. அகல விளிம்புத் தொப்பியின் இடதுபக்கத்தை மேலே மடக்கி, மடித்த இடத்தில் இந்தச் சின்னத்தைக் குத்தியிருப்பார்கள். முதல் உலகப் போரில் கலிப்போலியில் இறங்கியவன் தலையிலும் இதுதான், இரண்டாம் உலகப் போரில் போனவன் தலையிலும் இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும், ஆஸ்திரேலியா புதிதாக எழுந்த நாடு, அதனால் எழும் சூரியன் என்று விளக்கம் சொல்லும். அழகான விளக்கம். ஆனால் அதில் சூரியன் இல்லை.

பரவலாக ஏற்கப்பட்ட பிறந்த கதை இது. 1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடாயின. அந்த மார்ச்சில் ஆறு படைகளும் புதிய மத்திய அரசின் கைக்கு வந்தன. வந்ததென்னவோ காகிதத்தில்தான். ஆறு வகை உடுப்பு, ஆறு வகைச் சின்னம், ஆறு வகைச் செருக்கு. இவற்றை ஒரு படையாகக் கட்ட லண்டனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள்: மேஜர் ஜெனரல் எட்வர்ட் ஹட்டன். 1902 ஜனவரி இறுதியில் பொறுப்பேற்றார்.

ஹட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது குதிரைக்காரர்களின் கதை, அவர் குதிரைப் பைத்தியம். குதிரையில் விரைந்து போய், இறங்கி நின்று சுடும் காலாட்படை என்ற ஏற்பாட்டுக்கு வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ஈட்டி நீட்டிப் பாய்கிற பழைய குதிரைப்படையின் காலம் முடிந்துவிட்டது, இனித் துப்பாக்கியும் குதிரையும் சேர்ந்தவன்தான் ஜெயிப்பான் என்பது அவர் கட்சி. 1893 முதல் 1896 வரை நியூ சவுத் வேல்ஸ் படைக்குத் தலைமை தாங்கினார். பிறகு கனடாவில் அதே வேலை. அங்கே அரசியல்வாதிகளோடு மோதிக்கொண்டு 1900இல் கிளம்பினார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கு எதிராக ஒரு பெரிய குதிரைத் துப்பாக்கிப் படையை நடத்தினார். அதில் ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் கனடியர்களும் கலந்திருந்தார்கள். ஆக, அவர் மெல்பர்னுக்கு வந்தபோது ஊரும் புதிதல்ல, ஆட்களும் புதிதல்ல.

அவர் நாற்காலியில் உட்கார்ந்த வேளையில் போயர் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. புதிய நாட்டின் பெயரில் முதன்முதலாகத் திரட்டப்பட்ட படை கப்பலேறத் தயாராக நின்றது. பெயர், ஆஸ்திரேலியன் காமன்வெல்த் ஹார்ஸ். முழுக்கக் குதிரை வீரர்கள். பிப்ரவரியில் கப்பல். தலையில் குத்தச் சின்னம் இல்லை. ஆறு பழைய சின்னங்களில் ஒன்றைக் கொடுத்தால் மற்ற ஐந்து ஊர்க்காரனும் முகம் சுளிப்பான். புதிதாக ஒன்று வேண்டும், அதுவும் உடனே.

மெல்பர்னின் செயின்ட் கில்டா சாலையில் விக்டோரியா பாரக்ஸ் என்ற கருங்கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. அங்கே ஹட்டனின் அறைக்கதவுக்கு மேலே ஒரு சுவர் அலங்காரம் மாட்டியிருந்தது. நம் ஜமீன் வீடுகளின் கூடத்தில் கேடயத்துக்குப் பின்னால் ஈட்டிகளைக் குறுக்கே சொருகி வைத்திருப்பார்களே, அந்த வகை. நடுவில் பித்தளைக் கிரீடம். அதைச் சுற்றி அரைவட்டமாக வாள்களும், மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியில் மாட்டுகிற மூன்று பட்டை பயனெட்டுகளும் மாறி மாறி விரிந்திருந்தன. ஜோசப் கோர்டன் என்ற அதிகாரி ஹட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கோர்டன் தனி ரகம். ஸ்காட்லாந்து வம்சம், பிறந்தது ஸ்பெயினில், ஷெரி மதுவுக்குப் பெயர்போன ஹெரெஸ் நகரத்தில். வளர்ந்து வந்து சேர்ந்தது தெற்கு ஆஸ்திரேலியாவில்; அங்கே படைத்தலைவராகவே ஆனார். வாளும் பயனெட்டும் சேர்ந்த அந்த அலங்காரத்தில் ஹட்டன் தரைப்படையும் கடற்படையும் கைகோத்து நிற்பதைப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

சின்னத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்கப்பட்டபோது, அவர் கதவுக்கு மேலே கைகாட்டினார். அதுபோல ஒன்று.

அவ்வளவுதான். குழு கூடவில்லை, போட்டி நடத்தவில்லை, எந்தக் கவிஞரும் எழுச்சியைப் பற்றிப் பாடவில்லை. அவசரத்தில் ஒருவர் தலைக்கு மேலே இருந்ததைக் காட்டினார், இன்னொருவர் அதை வரைந்தார், பட்டறையில் அச்சு வெட்டினார்கள். நாம் கதிர் என்று பார்ப்பது வாளும் பயனெட்டும். எழுவதாக நாம் நினைப்பது சுவரில் மாட்டியிருந்தது.

இனி அந்த முதல் படைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை. காமன்வெல்த் ஹார்ஸ் எட்டுப் பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டது. முதலில் போனவர்களுக்குக் கடைசிக் கட்டத் தேடுதல் வேட்டைகளில் கொஞ்சம் வேலை கிடைத்தது. 1902 மே 31இல் சமாதானம் கையெழுத்தானது. கடைசி நான்கு பட்டாலியன்களும் தென்னாப்பிரிக்காவில் இறங்கியபோது சண்டையே இல்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிக் கப்பலேறினார்கள். அவசர அவசரமாக அடித்த சின்னத்தை மாட்டிக்கொண்டு போய், சும்மா வந்தார்கள்.

புதிய சின்னத்தோடு கப்பல்கள் கிளம்பிய அதே பிப்ரவரி மாதம், 27ஆம் தேதி விடியற்காலையில், பிரிட்டோரியாவில் பிரேக்கர் மொராண்ட், பீட்டர் ஹேண்ட்காக் என்ற இரண்டு லெப்டினன்ட்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. கைதிகளைக் கொன்ற குற்றம். இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து போன குதிரை வீரர்கள். அந்தத் தண்டனை நியாயமா என்று அங்கே இன்றுவரை சண்டை ஓயவில்லை. பளபளக்கும் புதுச் சின்னத்தின் பிறந்தநாளுக்குப் பக்கத்திலேயே இந்தத் தேதி இருக்கிறது. சேகரிப்பாளர்கள் பலருக்கு இதைப் பேசப் பிடிக்காது.

1902க்கு முந்தைய சின்னங்கள் இதைவிடச் சுவையானவை என்பது என் கட்சி. ஆறு குடியேற்றங்களும் தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொரு குதிரைப் பட்டாளமும் தனக்குத் தோன்றியதைத் தலையில் குத்திக்கொண்டது. நியூ சவுத் வேல்ஸ் லான்சர்ஸின் சின்னத்தில் யானைத் தலையைப் பார்க்கலாம். ஆமாம், யானை. மிருகக்காட்சிசாலைக்கு வெளியே யானையே இல்லாத கண்டத்தில், அதன் பின்னே இரண்டு ஈட்டிகள் குறுக்காக. விஷயம் என்னவென்றால் அப்போதைய ஆளுநர் கேரிங்டன் பிரபுவின் குடும்பச் சின்னம் யானைத் தலை. அவர்தான் பட்டாளத்துக்குக் கௌரவக் கர்னல். பிரபுவைக் குளிர்விக்க யானையை ஏற்றிவிட்டார்கள். பிரபு 1890இல் பதவி முடிந்து ஊர் போனார், யானை போகவில்லை. அந்தப் பட்டாளத்தின் வாரிசுகள் இன்றைக்கும் அதை அணிகிறார்கள். நம் கோயில்களில் என்றோ வந்துபோன நாயக்கரின் முத்திரை தூணில் நிலைத்துவிடுவதில்லையா, அதுபோல.

குயின்ஸ்லாந்துக்காரர்களுடையது பித்தளையே அல்ல, இறகு. 1891இல் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை அடக்க குயின்ஸ்லாந்து குதிரைத் துப்பாக்கிப் படையை அனுப்பினார்கள். நாட்கணக்கில் வெட்டவெளியில் காவல். பொழுது போகாத வீரர்கள் ஈமு பறவைகளைக் குதிரையில் விரட்டிப் பிடித்து, இறகைப் பிடுங்கித் தொப்பியில் சொருகினார்கள். அரசாங்கம் அதைத் தண்டிப்பதற்குப் பதில் அந்தச் சேவைக்கான அடையாளமாக அணிய அனுமதித்தது. பின்னாளில் முதல் உலகப் போரில் மற்ற மாநிலத்துக் குதிரை வீரர்களும் ஈமு இறகு கேட்டு அடம்பிடித்து வாங்கினார்கள். எகிப்தில் யாராவது இது என்ன இறகு என்று கேட்டால், கங்காரு இறகு என்று முகம் மாறாமல் சொல்வார்களாம். இன்று பாலைவனப் போர்வீரனின் கம்பீரமாகப் பார்க்கப்படும் அந்த இறகு, கூலி கேட்டு நின்ற தொழிலாளிக்கு எதிரே காவல் நின்றவன் தொப்பியில் முளைத்தது என்பதை அங்கே நினைவுச்சின்னங்களில் விரிவாக எழுதிவைத்து நான் பார்த்ததில்லை.

சின்னம் உட்காரும் தொப்பிக்கும் ஒரு வழிப்பயணம் உண்டு. 1885இல் விக்டோரியா குதிரைத் துப்பாக்கிப் படையைத் திரட்டிய டாம் பிரைஸ் இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர். பர்மாவின் உள்ளூர்ப் போலீஸ் அணிந்த தொப்பியைப் பார்த்து அதுபோலச் செய்தார் என்பது வழக்கு. ஒரு பக்கத்தை மடக்கியது அழகுக்கில்லை; தோளில் துப்பாக்கியைச் சாய்க்கும்போது விளிம்பு இடிக்கக் கூடாதென்று. விக்டோரியாக்காரர்கள் வலப்பக்கம் மடக்கினார்கள். 1890இல் எல்லாக் குடியேற்றங்களின் படைத்தலைவர்களும் கூடி இந்தத் தொப்பியை ஏற்றபோதும் எந்தப் பக்கம் மடக்குவதென்பதில் விக்டோரியாவும் டாஸ்மேனியாவும் வலம், மற்றவர்கள் இடம். நாடு ஒன்றான பிறகுதான் எல்லாரும் இடப்பக்கத்துக்கு வந்தார்கள். விளிம்பை மடக்கியதால் ஒரு பெரிய வெற்றிடம் கிடைத்தது. ஹட்டனின் கதவு அலங்காரம் வந்து உட்கார்ந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

சரி, வாளும் பயனெட்டும் சூரியனானது எப்படி?

இங்கேதான் ஜாம் வருகிறது. ஏபெல் ஹோட்லி என்பவர் 1889இல் மெல்பர்னின் தென்பகுதியில் ஜாம் தொழிற்சாலை தொடங்கினார். அவருடைய வணிகச் சின்னத்தின் பெயர் ரைசிங் சன், உதயசூரியன். தகர டப்பாவில் அடைத்த ஜாம் அந்தக் காலத்துப் பட்டாளத்தின் அன்றாட உணவு. காலையும் மாலையும் ரொட்டியில் தடவி, அலுத்து, திட்டிக்கொண்டே தின்றவர்கள் புதிதாகத் தொப்பிக்கு வந்த கதிர் விரித்த சின்னத்தைப் பார்த்ததும் ஜாம் டப்பா நினைவுக்கு வந்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள் என்பது ராணுவத்துக்குள்ளேயே வழங்குகிற கதை. ஹோட்லி குடும்பம் பிறகு மிட்டாய்க்கும் சாக்லெட்டுக்கும் போய் 1913இல் வயலட் கிரம்பிள் என்ற தின்பண்டத்தைச் செய்தது. ஆஸ்திரேலியக் குழந்தைகள் இன்றும் அதற்கு அழுகிறார்கள்.

ஜாம் கதையைச் சிலர் ஏற்பதில்லை. அதற்கு முன்பே கங்காருவும் ஈமுவும் இருபுறம் நிற்க, மேலே சூரியன் எழுகிற ஒரு மரபுச் சின்னம் ஊரெங்கும் கட்டட முகப்புகளிலும் செப்பு வில்லைகளிலும் இருந்தது. கண்ணுக்குப் பழகிய அந்தச் சூரியனைத்தான் மக்கள் இதிலும் பார்த்தார்கள் என்பார்கள். இருக்கலாம். அப்படிப் பார்த்தால் ஜாம் டப்பாவுக்குச் சூரியன் வந்ததும் அதே இடத்திலிருந்துதான். எது முதலில் என்று நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் எனக்கு ஜாம்தான் பிடிக்கிறது. ஜெனரல் கொடுத்தது ஆயுதம். சிப்பாய் வைத்தது தின்பண்டப் பெயர். நின்றது சிப்பாய் வைத்த பெயர்.

1904இல் சின்னத்தைத் திருத்தி அடித்தார்கள். கீழே நாடாவில் 'ஆஸ்திரேலியன் காமன்வெல்த் மிலிட்டரி ஃபோர்சஸ்' என்ற நீண்ட பெயர் ஏறியது. இரண்டு உலகப் போர்களும் இந்த வடிவத்தில்தான் நடந்தன. 1949இல் பெயரைச் சுருக்கினார்கள். 1969இல் மறுபடி மாற்றி, 'ஆஸ்திரேலியா' என்று மட்டும் போட்டார்கள். 1991இல் 'தி ஆஸ்திரேலியன் ஆர்மி' என்ற எழுத்தோடு பழைய உருவத்துக்கே திரும்பினார்கள். குதிரை வீரர்களுக்காகப் பிறந்த சின்னம் இதற்குள் சமையல்காரனுக்கும் லாரி ஓட்டுநருக்கும் பொதுவாகிவிட்டது. ஹட்டன் குதிரைப் பட்டாளங்களையெல்லாம் லைட் ஹார்ஸ் என்ற ஒரே பெயரில் எண் போட்டு அடுக்கினார். அந்தப் பெயர்தான் பிறகு புகழ் பெற்றது.

புகழின் உச்சம் 1917 அக்டோபர் 31. இடம் பாலஸ்தீனத்தின் தென்கோடி. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு அந்த ஊர் பெயெர்செபா. ஆபிரகாம் கிணறு வெட்டிய ஊர். பிரிட்டிஷ் படைக்கு வேண்டியதும் அந்தக் கிணறுகள்தான். வறண்ட நிலத்தில் ராத்திரியெல்லாம் நடந்து வந்த ஆயிரக்கணக்கான குதிரைகள் தண்ணீருக்குத் தவித்தன. நாள் முழுவதும் சண்டை நடந்தும் ஊர் விழவில்லை. சாயங்காலம் நாலரை மணி வாக்கில் 4ஆவது, 12ஆவது லைட் ஹார்ஸ் ரெஜிமென்ட்டுகளைச் சேர்ந்த சுமார் 800 பேருக்கு நேராகப் பாயும்படி உத்தரவு வந்தது.

பாய்வதற்கு அவர்களிடம் வாள் இல்லை. ஹட்டனின் கொள்கைப்படி அவர்கள் இறங்கி நின்று சுடுகிறவர்கள். குதிரையில் உட்கார்ந்தபடி வெட்டுகிறவர்கள் அல்லர். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, பயனெட்டைக் கழற்றிக் கையில் வாள்போல் பிடித்துக்கொண்டு, விரித்த வரிசையில் பாய்ந்தார்கள். ஊரைக் காத்து நின்ற துருக்கியர், இவர்கள் வழக்கம்போல இறங்கிச் சுடப் போகிறார்கள் என்று துப்பாக்கியின் தூரக் குறியை அதற்கேற்ப வைத்திருந்தார்கள். பலர் கடைசிவரை அதைக் குறைக்கவில்லை, குண்டுகள் தலைக்கு மேலே போயின என்று சொல்வதுண்டு. பதுங்குகுழிகளைத் தாண்டி ஊருக்குள் புகுந்தார்கள். 31 பேர் இறந்தார்கள், 36 பேர் காயம்பட்டார்கள். கிணறுகள் கிடைத்தன.

ஹட்டன் கதவுக்கு மேலே மாட்டியிருந்ததும் வாளும் பயனெட்டும்தானே. தொப்பியில் வாளும் பயனெட்டுமாகக் குத்திக்கொண்டு, அதைச் சூரியன் என்று சொல்லிக்கொண்டு, கையில் பயனெட்டை வாளாகப் பிடித்துக்கொண்டு அந்த மாலை வெயிலில் போனவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அடுத்த ஆண்டில் அவர்களுக்கு நிஜ வாளே கொடுத்தார்கள்.

இனிச் சேகரிப்பு. பெரியவர் ஏன் பின்பக்கத்தைப் பார்த்தார் என்பதை எனக்குப் புரியவைக்க அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இந்தச் சின்னங்கள் வார்ப்பு அல்ல, அச்சடிப்பு. எஃகு அச்சில் உருவத்தைக் குழியாக வெட்டி, செம்பு அல்லது பித்தளைத் தகட்டை வைத்து மேலிருந்து கனத்த சம்மட்டிப் பொறியை விழவைப்பார்கள். முன்பக்கத்தில் மேடாக இருப்பது பின்பக்கத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஓரத்தைக் கத்தரித்து, பின்னால் இரண்டு சிறு வளையக் காதுகளைப் பற்றவைத்து, தொப்பித் துணிக்குள் நுழைத்து ஊசி போட்டு மாட்டுவார்கள். போலி செய்கிறவன் அச்சு வெட்டச் செலவழிக்க மாட்டான். அசலை மணலில் பதித்து உருக்கி ஊற்றுவான். உலோகம் ஆறும்போது சுருங்குமல்லவா, அதனால் போலி அசலைவிட ஒரு மயிரிழை சிறியது. எழுத்தின் விளிம்பு சோப்புக் கட்டிபோல் மழுங்கியிருக்கும். பின்பக்கம் பள்ளத்துக்குப் பதில் மணல் புள்ளிகள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் வார்ப்பு என்றாலே போலி என்று தூக்கிப் போடவும் கூடாது. முதல் உலகப் போரில் எல்லாரும் உதயசூரியன் ஒன்றைத்தான் அணிய வேண்டும் என்பது விதி. லைட் ஹார்ஸ்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. தங்கள் ரெஜிமென்ட்டுக்கென்று தனிச் சின்னம் வேண்டுமென்று எகிப்தில் இருந்தபோது உள்ளூர்ப் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொண்டவர்கள் உண்டு. கரடுமுரடாக, மணல் வார்ப்பில், விதியை மீறிப் பிறந்த அந்தச் சின்னங்கள் இன்று அச்சடித்ததைவிடப் பல மடங்கு விலை போகின்றன. அவற்றுக்கும் போலி வந்துவிட்டது. கரடுமுரடைப் போலி செய்வது சுலபம்.

அடுத்தது கிரீடம். வயது பார்க்க அதுதான் பல். விக்டோரியா ராணியின் கிரீடம் இருந்தால் 1901க்கு முந்தைய வடிவம். அதன்பின் அரை நூற்றாண்டு வளைவு உயர்ந்த ராஜாவின் கிரீடம். இரண்டாம் எலிசபெத் வந்த பிறகு வளைவு நடுவில் தாழ்ந்த ராணியின் கிரீடம். இப்போது சார்லஸ் மறுபடி உயர்ந்த வளைவுக் கிரீடத்தையே தன் முத்திரைக்கு எடுத்துக்கொண்டார். ஐம்பது வருடம் கழித்து எங்களைப்போல் டப்பா கிளறுகிறவர்கள் திண்டாடட்டும்.

பின்பக்கத்தில் சில வேளை செய்தவர் பெயர் இருக்கும். மெல்பர்னின் ஸ்டோக்ஸ், அடிலெய்டின் ஷ்லாங்க், பெர்த்தின் ஷெரிடன், பிரிஸ்பேனின் வாலஸ் பிஷப், பர்மிங்ஹாமின் கான்ட், டிப்டாஃப்ட். முக்கால்வாசி நகைக்கடைக்காரர்களும் பொத்தான் செய்கிறவர்களும்தான். கல்யாண மோதிரம் செய்த அதே கை பட்டாளத்துச் சின்னமும் செய்தது. அதே கடைகள் இன்னொன்றும் செய்தன: இதே உதயசூரியனை விரல்நகம் அளவுக்குச் சுருக்கி, தங்கத்திலும் முத்துச்சிப்பியிலும் பதித்து, போனவனுடைய அம்மாவும் காதலியும் நெஞ்சில் குத்திக்கொள்ள. என்னிடம் ஒன்று இருக்கிறது. தொப்பிச் சின்னத்தைவிட அதன் பின்னூசிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்தபின் 1930களில் உள்நாட்டுக் குதிரைப் பட்டாளங்களுக்குத் தனிச் சின்னங்களை மறுபடி அனுமதித்தார்கள். யானை வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பத்தாவது ரெஜிமென்ட்டுக்குக் கறுப்பு அன்னம் வந்தது. சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடச் சின்னங்களுக்குத்தான். ஏனென்றால் 1942இல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, மறுபடி உதயசூரியன் ஒன்றே என்று ஆக்கினார்கள். குதிரைகளின் காலமும் அதற்குள் முடிந்திருந்தது.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இவற்றுக்கு வேலர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது ஆஸ்திரேலியா அல்ல, இந்தியா. நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளை இங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஊர்ப்பெயரின் வாலைப் பிடித்து வேலர் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரை பார்த்த வேலர்கள் ஏராளம். ஓசூர் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம் அப்போது பட்டாளத்துக்குக் குதிரை பழக்குகிற பண்ணை.

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியா ஏறக்குறைய 1,36,000 குதிரைகளைக் கடல் கடத்தி அனுப்பியது. ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. கலிப்போலியில் சுடப்பட்டு இறந்த ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை, பெயர் சாண்டி. மற்றவற்றைத் திருப்பிக் கொண்டுவரக் கப்பலும் இல்லை, நோய் பரவுமோ என்ற பயத்தில் அனுமதியும் இல்லை. போர் முடிந்தபோது ஆஸ்திரேலியரிடம் 13,000 குதிரைகள் மிஞ்சியிருந்தன. அவற்றில் 11,000ஐ விற்றார்கள். பெரும்பகுதி இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு வந்தது. மிச்சம் 2,000 வயதானவை, நொண்டி. அவற்றைச் சுடுவதற்கு முன்னால் லாடத்தைக் கழற்றினார்கள். பிடரி மயிரையும் வாலையும் கத்தரித்தார்கள். இரும்புக்கும் மயிருக்கும் சந்தையில் விலை இருந்தது.